கதகதப்பான மூலை

நவம்பர் 4, செவ்வாய்

இந்த நோட்டு உங்கள் கைக்கு வந்திருந்தால் தயவுசெய்து மூடிவிடுங்கள். முடியவில்லையென்றால் படியுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் மட்டுமாவது காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வேதியியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கத்தில் உப்புப் பகுப்பாய்வு இருக்கிறது. அதை ஆசைப்பட்டு யாரும் திறக்க மாட்டார்கள்.

பயம் எல்லாம் அண்ணனுடைய பிரிண்டரைப் பற்றித்தான். காகிதத்தில் அச்சடிக்கிற பிரிண்டர் இல்லை. பிளாஸ்டிக் கம்பியை உருக்கி, நூல் மாதிரி வரி வரியாக அடுக்கி, ஒரு பொருளையே எழுப்பிவிடும். வேலைக்கு வேறு ஊர் போகும்போது அண்ணன் அதை என் அறையில் விட்டுவிட்டுப் போனான். அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார்: "வீட்டுக்குள்ள ஒரு நாள் நாத்தம் வரட்டும். மறுநாள் காலைல பழைய சாமான்காரன் வண்டியில ஏத்திடுவேன்." அப்பா பஸ் ஓட்டுகிறார். நாள் முழுக்க டீசல் புகையில் இருக்கிறவருக்கு மூக்கு மழுங்கிப்போயிருக்க வேண்டாமா? பக்கத்து வீட்டில் பால் தீய்ந்தால் இவர் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிறார்.

அதனால்தான் அலமாரி. பழைய புத்தக அலமாரியின் தட்டுகளைக் கழற்றி பிரிண்டரை உள்ளே வைத்தேன். கண்ணாடிக் கதவின் இடுக்குகளில் நுரைப் பட்டை ஒட்டினேன். உள்ளே மேல்பக்கம் ஒரு விளக்குப் பட்டை, அதன் அலுமினியச் சட்டத்திலேயே வெப்பம் பார்க்கும் சென்சார், பின்னால் பழைய கம்ப்யூட்டரின் ஃபேன். எல்லாவற்றையும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டில் இணைத்து நானே நிரல் எழுதினேன். உள்சூடு ஐம்பது டிகிரியைத் தாண்டினால் ஃபேன் ஓடும், நாற்பத்தைந்துக்கு இறங்கினால் நிற்கும். எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது என்பதும் பதிவாகும். ஃபேனிலிருந்து ஒரு வளையும் குழாய், சுவரின் உச்சியில் இருக்கிற சின்ன ஜன்னல் வழியாக வெளியே போகிறது. வெளியே என்றால், வீடுகளுக்கு நடுவில் கீழிருந்து மொட்டைமாடி வரைக்கும் கிணறு மாதிரி போகிற காற்றுச் சந்து. குளியலறைக் குழாய்கள் இறங்குகிற இடம். அங்கே யாருடைய மூக்கு இருக்கப்போகிறது?

இன்று சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு அச்சடித்துப் பார்த்தேன். அப்பா வாசலில் நின்று இரண்டு தடவை மூச்சை இழுத்தார். "பரவாயில்லையே, ஒண்ணும் தெரியல" என்றார். அந்த "பரவாயில்லையே"வுக்காக இன்னொரு அலமாரி கூடச் செய்வேன்.

இதை எழுதுவதும் அலமாரி விளக்கில்தான். அறை விளக்கைப் போட்டால் கதவுக்கடியில் தெரியும்.

நவம்பர் 5, புதன்

வாய் சும்மா இருக்கவில்லை. அலமாரியைப் பற்றி இயற்பியல் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். அவர் ஆய்வகத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நுண்ணோக்கிகளைக் காட்டினார். அவற்றின் முப்பது விளக்குகளில் ஒன்றுக்குக்கூட மூடி இல்லை, எல்லாம் உடைந்துவிட்டன.

"இருபதாம் தேதிக்குள்ள முப்பது மூடி செஞ்சு தருவியா? இருபத்தொண்ணுல அதிகாரிங்க ஆய்வுக்கு வர்றாங்க."

"சாதா பிளாஸ்டிக்ல செஞ்சா விளக்குச் சூட்டுல தொங்கிடும் மிஸ்."

"அப்ப தொங்காததுல செய்."

தொங்காத பிளாஸ்டிக் அண்ணனிடம் ஒரு சுருள் இருக்கிறது. ஏபிஎஸ். உருகும்போது தலை வலிக்கிற மாதிரி வாடை வரும். குளிர்ந்த காற்று பட்டால் பாதியில் விரிசல் விடும். மிஸ் எல்லார் முன்னாலும் என் தோளில் கை வைத்தார். முடியாது என்று எப்படிச் சொல்வது?

நவம்பர் 8, சனி

ஒரு மூடிக்கு இரண்டரை மணி நேரம். ராத்திரிக்கு மூன்று.

வியாழன் ராத்திரி மெஷினை ஓடவிட்டு, விளக்கை அணைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் மூன்று மூடியும் அழகாக நின்றன. ஆனால் எழுந்ததும் ஒரு பயம் — நான் தூங்கும்போது தீப்பிடித்திருந்தால்? அதனால் நேற்றிலிருந்து அலமாரி விளக்கை ராத்திரி முழுக்க எரியவிட்டுப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். கதவுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன். ஃபேன் சத்தம் நிற்காமல் கேட்கிறது. அது ஓடுகிற வரைக்கும் ஒன்றும் ஆகாது என்று ஒரு தைரியம்.

ஆனால் நேற்றைய மூன்றில் இரண்டு விரிசல். எங்கிருந்து குளிர் நுழைகிறது? நுரைப் பட்டையை இன்னொரு சுற்று ஒட்டியாயிற்று.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. மறுபடி ஒன்று விரிசல். அம்மா, "கண்ணுக்குக் கீழ என்னடி மை பூசின மாதிரி?" என்றாள். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றேன். அம்மாவிடம் இந்த மாதம் சொன்ன ஐந்தாவது பொய்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

யூனிஃபார்ம் பாவாடையைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தேன், அதை வாங்க மேல்வீட்டு அக்காவிடம் போனேன். எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீடு. அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். அவருடைய வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். எட்டு மாதக் குழந்தை ஒன்று. உருண்டையாக இருப்பதால் பட்டாணி என்று கூப்பிடுவோம்.

"வாம்மா விஞ்ஞானி! இடுப்புல ரெண்டு விரல் விட்டிருக்கேன். அடுத்த வருஷமும் இதையே போட்டுக்கலாம், உங்கம்மாகிட்ட சொல்லு."

பட்டாணி எங்கே என்று கேட்டேன். என் அறைக்கு நேர் மேலே இருக்கிற அறையைக் காட்டினார். தொட்டில் மூலையில் இருந்தது. அதற்கு மேலே, சுவரின் உச்சியில், காற்றுச் சந்தைப் பார்த்த சின்ன ஜன்னல். எங்கள் வீட்டில் இருக்கிற அதே ஜன்னல்.

"முன்னெல்லாம் கட்டில் பக்கம்தான போட்டிருந்தீங்க?"

"நாலஞ்சு நாளா இங்கதான். மழைக்கு வீடே ஈரமா கெடக்கு, இந்த மூலை மட்டும் ராத்திரில கதகதப்பா இருக்கு பாரேன். எங்கிருந்து வருதுன்னே தெரியல, அப்படி ஒரு இதமான காத்து. அதான் தொட்டில இங்க மாத்திட்டேன்."

நான் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன்.

"என்ன, கூடவே லேசா பிளாஸ்டிக் பொசுங்கற வாடை அடிக்குது. கீழ வாட்ச்மேன் குப்பையப் போட்டுக் கொளுத்துறாருன்னு நெனைக்கிறேன். பிடிபடட்டும், வச்சுக்கறேன். இவனுக்கு வேற ரெண்டு நாளா இருமல்."

அப்போதே பட்டாணி இருமினான். பெரியவர்கள் இருமுவது மாதிரி. அவ்வளவு சின்ன நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம்!

பாவாடையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

சூடான காற்று மேலே போகும். ஏழாம் வகுப்பில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். படம்கூட வரைந்தேன், அம்புக்குறி போட்டு.

இன்று மெஷினை ஓட்டவில்லை.

நவம்பர் 12, புதன்

அண்ணனுக்கு போன் செய்தேன். குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. சும்மா கேட்பது போல, ஏபிஎஸ் வாடையைக் குழாய் போட்டு வெளியே விட்டால் போதுமா என்றேன்.

"வெளியன்னா எங்க? ஆள் இல்லாத எடமா?"

"ம்."

"அப்பவும் நடுவுல வாடைய உறிஞ்சுற கரி ஃபில்டர் ஒண்ணு வைடீ. போறப்பவே சொன்னேன்ல? நீ தலையாட்டின."

தலையாட்டினேன். ஃபில்டர் வர இரண்டு வாரம் ஆகும் என்று கடையில் சொன்னார்கள். குழாய் கைவசம் இருந்தது, அதனால் குழாயோடு விட்டுவிட்டேன்.

இன்று பள்ளியில் மிஸ், "எத்தனை ஆச்சு?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். அவர் முகம் லேசாக மாறியது. அவ்வளவுதான், ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதற்காக — எப்படி எழுதுவது இதை — அதற்காக இப்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. குழாயின் வாயைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிட்டேன். வாடை கீழே போய்விடும். போகாது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு ஒரு ராத்திரி மட்டும். குழந்தைகளுக்கு மழைக்காலத்தில் சளி பிடிக்காதா என்ன? வகுப்பில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நிறுத்திவிடலாமா? இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. பாதியில் நிறுத்தினால் மூடி வீண்.

நானா இப்படி எழுதினேன்?

நவம்பர் 13, வியாழன்

பட்டாணியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

காலை ஆறு மணிக்கு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அக்கா செருப்புகூடப் போடவில்லை. குழந்தை மூச்சு இழுக்கும்போது விலாவெல்லாம் உள்ளே போகிறது என்று அம்மாவிடம் சொன்னார். அப்பா பாதி போட்ட காக்கிச் சட்டையோடு ஓடி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மூடிகளின் மேலே சூடு இன்னும் ஆறவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

இன்று தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். அலமாரி விளக்கை இனிமேல் போட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

போர்டில் பதிவான கணக்கை எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டியிருந்தது: ஃபேன் கொஞ்ச நேரம்தான் ஓடியது, அவ்வளவு காற்று மேலே போயிருக்காது என்று. முதல் ராத்திரி, வியாழன், மொத்தமே ஒரு மணி பத்து நிமிடம். மனசு லேசாகிவிட்டது. அடுத்த ராத்திரி ஆறரை மணி நேரம். அதற்கடுத்தது ஏழு. அதற்கடுத்தது ஏழு. அதே மெஷின், அதே பிளாஸ்டிக். முதல் ராத்திரிக்கும் மற்றவற்றுக்கும் என்ன வித்தியாசம்?

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மெஷினை அணைத்தபடியே வைத்து, உள்விளக்கை மட்டும் போட்டுப் பார்த்தேன். அரை மணியில் சென்சார் எட்டு டிகிரி ஏறிவிட்டது. விளக்கின் சட்டத்திலேயே ஒட்டியிருக்கிறேன் அல்லவா? அது அலமாரியின் சூட்டைப் பார்க்கவில்லை, விளக்கின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே நாற்பத்து நான்குதான் இருந்திருக்கும். அது ஐம்பத்திரண்டு என்று நினைத்துக்கொண்டு, விளக்கு அணைகிற வரைக்கும் ஃபேனை நிறுத்தவே இல்லை. மூடிகள் விரிசல் விட்டதும் அதனால்தான். உள்ளே இருந்த சூட்டையெல்லாம் உறிஞ்சி மேல்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குளிர் எங்கிருந்து வருகிறது என்று இடுக்கு தேடிக்கொண்டிருந்தேன்.

தூங்கிப்போன ராத்திரி ஒரு மணி நேரம். பயந்து விழித்திருந்த ராத்திரிகளில் ஏழு. நான் பார்த்துக்கொண்டிருந்ததால், இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததால், அந்த மூலை கதகதப்பாக இருந்திருக்கிறது. எட்டாம் தேதி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஃபேன் ஓடுகிற வரைக்கும் ஒன்றும் ஆகாது என்று எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 15, சனி

பட்டாணி வீட்டுக்கு வந்துவிட்டான். மருந்தைப் புகையாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "டாக்டர் கேட்டாராம், பக்கத்துல என்னமாவது எரிக்கிறாங்களா, என்ன புகைன்னு தெரிஞ்சா நல்லாயிருக்கும்னு. அவ பாவம், எனக்கு எப்படித் தெரியும்னு அழறா."

சாயங்காலம் கீழே ஒரே சத்தம். அக்கா வாட்ச்மேனைப் பிடித்துவிட்டார். "உங்க வீட்டுப் புள்ளையா இருந்தா கொளுத்துவீங்களா?" வாட்ச்மேன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "தாயி, எங்கிட்ட தீப்பெட்டியே கெடையாது." ஜன்னலை மூடினேன். மூடியும் கேட்டது.

எனக்கு மட்டும்தான் தெரியும், என்ன புகை என்று. டாக்டருக்குத் தேவை. நான் இங்கே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

மாடிப்படி பதினாறு. மூன்று தடவை ஏறினேன், மூன்று தடவையும் இறங்கிவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அக்கா தையல் மெஷினில் இருந்தார். தொட்டில் இன்னும் அதே மூலையில். அதைப் பார்த்ததும் நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "அக்கா, அந்தக் காத்து எங்க வீட்லேர்ந்து வந்தது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி முதலிலிருந்து, அலமாரி, குழாய், ஃபேன், எல்லாம் சொன்னேன். சொல்லும்போது அவர் துணியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சக்கரம் மட்டும் நின்றுவிட்டது.

"எத்தனை நாளா?"

"ஆறு ராத்திரி."

பிறகு கேட்டார். இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதான் மூன்று தடவை இறங்கினேன்.

"பாவாடை வாங்க வந்தியே. தொட்டிலப் பாத்துட்டுப் போனியே. அதுக்கப்புறமுமா ஓட்டின?"

"ஒரு ராத்திரி."

"மறுநாள் காலைலதான ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்."

"ஆமாக்கா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய்த் தொட்டிலைத் தனியாக இழுத்தார். தரையில் தொட்டிலின் கால் உரசிச் சத்தம் வந்தது, பட்டாணி விழிக்கவில்லை. கட்டில் பக்கம் கொண்டுபோய் விட்டார். பிறகு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, யாரோ எடுத்ததும், என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு. எனக்கு அந்தப் பேரெல்லாம் வாயில நுழையாது."

நர்ஸிடம் பிளாஸ்டிக்கின் பெயர், எத்தனை ராத்திரி, எத்தனை மணி நேரம், எல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "இது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதும்மா, சளியும் இருந்திருக்கு. ஆனா தெரியறது நல்லது. வியாழக்கிழமை வர்றப்ப டாக்டர் பாத்துப்பாரு" என்றார். கடைசியில், "நீங்க யாரு, குழந்தைக்கு அக்காவா?" என்று கேட்டார். கீழ்வீடு என்றேன்.

நான் கிளம்பும்போது அக்கா முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினார். "வாட்ச்மேன்கிட்ட உண்மையச் சொல்லிடு. மன்னிப்பு நான் கேட்டுக்கறேன், நாக்கு என்னோடதுதான நீண்டுச்சு. உங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை."

நவம்பர் 19, புதன்

வாட்ச்மேனிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நான் கொளுத்தியிருந்தா நானாவது குளிர் காஞ்சிருப்பேன்" என்றார். சிரிக்க வேண்டுமா கூடாதா என்று தெரியவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

மிஸ்ஸிடம் பதினொரு மூடிகளைக் கொடுத்தேன். இதற்குமேல் முடியாது, புகை போகிற வழி சரியில்லை என்றேன்.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே. மிச்சத்துக்கு தகரத்துல வெட்டிக்கலாம். ஒர்க்ஷாப் சாரு அரை மணி நேரத்துல முடிச்சிடுவாரு."

அரை மணி நேரம். தகரம்.

கழிப்பறையில் போய் உட்கார்ந்து மணி அடிக்கிற வரைக்கும் வெளியே வரவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

படியில் அக்கா எதிரே வந்தார். ஒதுங்கி நின்றேன். என்னைக் கடந்து நாலு படி இறங்கிய பிறகு, திரும்பாமலே, "நெஞ்சு சுத்தமா இருக்குன்னு டாக்டர் சொன்னாரு" என்றார். போய்விட்டார். "விஞ்ஞானி" என்று கூப்பிடவில்லை. ஆனால் சொன்னார். சொல்லாமலும் போயிருக்கலாம்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில், "மெஷின் சத்தமே காணோமே, என்னாச்சு?" என்றார். ரிப்பேர் என்றேன். இது எத்தனையாவது? எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று துண்டைக் கதவுக்கடியில் வைக்கவில்லை. அறை விளக்கைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் குழாயைக் கழற்றினேன். சின்ன ஜன்னலில் குழாய்க்காக வெட்டியிருந்த ஓட்டையைப் பலகை வைத்து அடைத்தேன். சென்சாரை விளக்கிலிருந்து பிய்த்தபோது அதன் பசை விரலிலேயே ஒட்டிக்கொண்டது. பிரிண்டர் அலமாரிக்குள்ளேயே இருக்கிறது, பிளக் இல்லாமல். நாளைக்கு அது பழைய சாமான்காரன் வண்டியில் போகலாம். அண்ணனிடம் மதியம் எல்லாவற்றையும் சொன்னேன். "மெஷின் போனா போகட்டும். அப்பாகிட்ட நான் பேசட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். அண்ணன் பேசினால் அப்பா அண்ணனைத்தான் திட்டுவார், எனக்கு அது சுலபமாகிவிடும்.

சாப்பிடும்போது சொன்னேன்: "அப்பா, கை கழுவிட்டு என் ரூமுக்கு ஒரு நிமிஷம் வாங்க."

"என்ன விஷயம்?"

"வாங்க, சொல்றேன்."

அம்மா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டார். அதனால்தான் இதை எழுத நேரம் கிடைத்தது.

கணக்கைக் காகிதத்தில் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். ஆறு ராத்திரியும் தேதியோடு. பன்னிரண்டாம் தேதிக்கு மட்டும் கீழே கோடு போட்டிருக்கிறேன், அதை அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. நின்றுவிட்டது. முதல் வரியை இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், வாய் குழறாமல் இருக்க:

அப்பா, நம்ம வீட்ல நாத்தம் வரலைன்னு நீங்க சந்தோஷப்பட்டீங்களே, அது ஏன்னா, அத நான் அப்படியே மேல்வீட்டுப் பட்டாணி படுத்திருக்கிற

தட்டுகிறார்